ப்ளூடூத், வைஃபை, ஜிக்பீ, லோரா: பெட்டியில் போட்ட தூரம் வயலில் ஏன் கிடைப்பதில்லை?

ரேஷன் கடையில் மின்னணுத் தராசையும் பில் போடும் கருவியையும் ப்ளூடூத்தில் இணைத்த செய்தி வந்ததிலிருந்து, வரிசை மெதுவாக நகர்ந்தால் பழி ப்ளூடூத்தின் மேல் விழுகிறது. மோட்டார் கொட்டகைக்கு ரிமோட் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் "ரெண்டு கிலோமீட்டர் பிடிக்கும்" என்கிறார். வீட்டில் நெட் வராவிட்டால் பெரிய ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். இந்த மூன்றும் வேறு வேறு சிக்கல்கள். கம்பியில்லாமல் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் தவறான பெட்டி வீட்டுக்கு வந்துசேர்கிறது. எந்தப் பெயர் உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு தகவல், எவ்வளவு தூரம், எந்த மின்சாரத்தில் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். டெல்டாவில் நான்காவதாக ஒன்றும் சேர்கிறது: நடுவில் நிற்கும் பயிரும் தண்ணீரும்.

எல்லாமே ரேடியோதான், பிறகு என்ன வித்தியாசம்?

ஒரு மடை நீரை மூன்று வயலுக்குப் பிரிப்பது போலத்தான் இதுவும். வேகம், தூரம், பேட்டரி ஆயுள் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அதிகம் விட்டால் மற்ற இரண்டில் ஒன்றிலாவது குறையும். வைஃபை வேகத்துக்குக் கொடுக்கிறது; சின்னத் தகவலை நெடுந்தூரம் அனுப்பும் லோரா தூரத்துக்கு. ப்ளூடூத்தும், ஸ்மார்ட் பல்பு போன்ற வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஜிக்பீயும் பேட்டரியை மிச்சம் பிடிக்கின்றன.

அடுத்தது அலைவரிசை. ஒரு கிலோமீட்டர் வெட்டவெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 100 டெசிபெல் இழக்கிறது. 866 மெகாஹெர்ட்ஸ் அலை இழப்பது சுமார் 91 டெசிபெல். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகும், 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே ஒரே சக்தியில், ஒரே வகை ஆன்டெனாவோடு அனுப்பினாலும், 2.4-இல் வந்துசேர்வது 866-இல் வந்துசேர்வதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். மரமும் சுவரும் குறுக்கே வந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பட்டைகளில் இங்கே முக்கியமானவை மூன்று: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. உரிமம் வேண்டாம் என்பதால் எந்தக் கருவியையும் கொண்டுவந்து போடலாம் என்றில்லை. விற்கப்படும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் லோரா தொகுதிகள் அமெரிக்கப் பட்டைக்காகச் செய்தவை. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்குப் பேசும் பாதை. வாங்கும்போது 865 அல்லது 868 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ப்ளூடூத்: பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 79 சேனல்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை சேனல் தாவுகிறது. ஒரு சேனலில் இரைச்சல் இருந்தால் அடுத்ததில் பேசிக்கொள்ளும். 2010-இல் வந்த குறைந்த மின்சக்தி வகை 40 சேனல்களோடு வேறு முறையில் இயங்குகிறது. ஒரு பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடக்கூடியது இதுதான். கைபேசியிலும் ஹெட்செட்டிலும் இருக்கும் சாதாரண ரகம் சுமார் 10 மீட்டர் வரை பேசும்.

இப்போது தராசுக்கு வருவோம். எடை எண் ஒன்றை அனுப்பப் பதினைந்து, பதினாறு எழுத்து போதும். நொடிக்கு 9600 பிட் என்ற பழைய சீரியல் வேகத்திலேகூட இது நொடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் போய்விடும். ஆகவே இணைப்பு நிலைத்திருக்கும்போது தாமதம் ப்ளூடூத்தில் இருக்க வழியில்லை. நேரம் போகும் இடங்கள் வேறு:

1. தராசில் எண் ஆடாமல் நிற்கும் வரை காத்திருப்பது. ஒவ்வொரு பொருளுக்கும் இது தனித்தனி.
2. இணைப்பு அறுந்து மறுபடி சேர்வது. இதற்குப் பல நொடிகள் ஆகும். தராசின் பேட்டரி இறங்கியிருந்தாலும், தராசுக்கும் கருவிக்கும் நடுவில் ஆளோ மூட்டையோ மறைத்தாலும் இது அடிக்கடி நடக்கும். மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும்.
3. பழைய இணைப்பின் நினைவு. சாதாரண சீரியல் ப்ளூடூத் தராசு ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். முன்பு சேர்த்த கைபேசி பக்கத்தில் இருந்து அதைப் பிடித்துக்கொண்டால் பில் கருவிக்குத் தராசு கண்ணிலேயே படாது. பழைய ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.
4. கைரேகைச் சரிபார்ப்பு. இது ப்ளூடூத்தில் போவதில்லை; செல்போன் நெட்வொர்க் வழியாகச் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். சிக்னல் மெலிந்த ஊரில் வரிசை நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே கோளாறு சொல்லும்போது "ப்ளூடூத் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், தராசு எண் திரையில் வர நேரமாகிறதா, ரேகை வைத்த பிறகு நேரமாகிறதா என்று பிரித்துச் சொன்னால் சரிசெய்ய வருபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வைஃபை: நீளமான வீட்டின் சிக்கல்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஃபைபர் கம்பி வாசல் வழியாக வருவதால் ரவுட்டர் ரேழியிலேயே மாட்டப்படுகிறது. சமையற்கட்டுக்குப் போவதற்குள் அலை மூன்று, நான்கு கனத்த செங்கல் சுவர்களைக் குறுக்கே கடக்க வேண்டும். மெல்லிய செங்கல் சுவரே சில டெசிபெல் எடுக்கும். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர் அதைவிட நிறைய எடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது சுவரிலேயே தளர்ந்துவிடும்.

இங்கே ஆன்டெனா கூடிய பெரிய ரவுட்டர் அதிகம் உதவாது. ரவுட்டர் கத்தினாலும் கைபேசியின் பதில் அதே பலவீனத்தோடுதான் திரும்பி வரும், பேச்சு இருவழி. கம்பியில்லா எக்ஸ்டென்டர் போட்டால் சிக்னல் கோடுகள் நிறையும், ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகமாக இருந்தால் வேகம் பாதியாகும். செய்ய வேண்டியது இது: ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் கம்பி இழுத்து, முற்றத்தைப் பார்த்தபடி இரண்டாவது அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். முற்றம் திறந்த வெளி என்பதால் அலை அங்கிருந்து இரு பக்கமும் பரவும். கேட்6 கம்பி 100 மீட்டர் வரை தாங்கும்; எந்த வீட்டுக்கும் அது போதும். 2.4-இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இரண்டு கருவிகளையும் வேறு வேறு எண்ணில் வையுங்கள்.

ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் சேர மறுப்பது இன்னொரு பொதுவான புகார். இவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. கைபேசி 5-இல் இருக்கும்போது இணைக்க முயன்றால் தேடிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸை ஐந்து நிமிடம் அணைத்து, பிளக்கைச் சேர்த்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஜிக்பீ, த்ரெட், மேட்டர், என்எஃப்சி

ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, நொடிக்கு 250 கிலோபிட். இதன் பலம் வலைப்பின்னல்: ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குத் தகவலைக் கடத்தும். ஆனால் கடத்துவது கரண்டில் நேரடியாக ஓடும் கருவிகள் மட்டுமே. பேட்டரியில் ஓடுபவை தூங்கிவிடும். பல்பைச் சுவர் சுவிட்சில் அணைத்தால் வலையில் ஒரு கண்ணி அறுந்ததாகும். மின்வெட்டு வந்தால், இன்வெர்ட்டரில் இல்லாத கண்ணிகள் எல்லாம் போய்விடும். த்ரெட் இதே ரேடியோவைப் பயன்படுத்தும் இன்னொரு வலை. மேட்டர் என்பது ரேடியோ அல்ல; வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்ள 2022-இல் வந்த பொதுமொழி. வயலுக்கு இவை எதுவும் வேண்டாம்.

என்எஃப்சி, அதாவது அட்டையைக் கருவியில் தொட்டுக் காட்டும் முறை, 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலத்தால் வேலை செய்கிறது, தூரம் சில சென்டிமீட்டர். அட்டையில் பேட்டரி இருக்காது. படிக்கும் கருவியே அதற்கும் மின்சாரம் தருகிறது. தூரம் குறைவாக இருப்பது இங்கே பாதுகாப்பு.

லோரா: மெதுவாகப் பேசி, தூரம் போவது

லோரா ஒவ்வொரு பிட்டையும் நேரத்தில் இழுத்துப் பரப்புகிறது. பெறும் கருவி இரைச்சலுக்கும் அடியில் கிடக்கும் சிக்னலைத் தேடி எடுக்கும். எவ்வளவு இழுப்பது என்பதைப் பரப்பு எண் தீர்மானிக்கிறது. பரப்பு எண் 7-இல், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், நொடிக்கு சுமார் 5.5 கிலோபிட் போகும். 12-இல் 250 பிட் அளவுதான், ஆனால் இரைச்சலைவிட 20 டெசிபெல் தாழ்ந்த சிக்னலையும் படிக்கும்.

இதில் கேமரா ஓடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோபைட் படம் ஒன்றில் எட்டு லட்சம் பிட் இருக்கிறது. பரப்பு எண் 7-இல் அதை அனுப்ப இரண்டரை நிமிடம் ஆகும், 12-இல் ஐம்பது நிமிடத்துக்கு மேல். தெளிவான வீடியோவுக்கு நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட் வேண்டும். ஆனால் வாய்க்கால் நீர்மட்டம், மண் ஈரம், மோட்டார் ஓடுகிறதா என்ற தகவல் எல்லாம் சேர்ந்தாலும் 12 பைட்டில் அடங்கும். அதற்கு லோராவைவிடப் பொருத்தமான ரேடியோ இல்லை.

லோராவும் லோராவானும் ஒன்றல்ல. முன்னது ரேடியோ பேசும் முறை. பின்னது பல நூறு கருவிகளைக் கேட்வே (ரேடியோ தகவலை வாங்கி இணையத்துக்குக் கடத்தும் பெட்டி) வழியாக இணையச் சர்வரோடு கட்டும் அமைப்பு. ஒரு வீடும் ஒரு மோட்டார் கொட்டகையும்தான் என்றால் நேருக்கு நேர் லோரா போதும்; கேட்வே, சிம், மாதக் கட்டணம் எதுவும் வேண்டாம். கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊர் முழுக்க நீர்மட்டம் பார்க்க நினைத்தால் லோராவானுக்குப் போகலாம்.

பயிர், தண்ணீர், உயரம்

பெட்டியில் போட்ட 10, 15 கிலோமீட்டர் எல்லாம் உயரமான இடத்திலிருந்து வெட்டவெளிக்குக் கிடைக்கும் தூரம். டெல்டாவில் மேடு கிடையாது. தரை தட்டையாக இருப்பது ரேடியோவுக்கு நல்லது என்று பலரும் நினைப்பார்கள், ஆனால் உயரம் தர ஒரு குன்றுகூட இல்லாததே இங்கே முதல் குறை.

அலை ஒரு நூல்போல நேராகப் போவதில்லை. இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவில், இரு முனை ஒடுங்கி இடை பெருத்த ஒரு வெளி அதற்குத் தேவை. இதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். ஒரு கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் இதன் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 5.6 மீட்டர், 866 மெகாஹெர்ட்ஸுக்கு 9.3 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது மறைவின்றி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அதாவது 866-க்கு 5.6 மீட்டர்.

இரு ஆன்டெனாவையும் ஆள் நெஞ்சு உயரத்தில், ஒன்றரை மீட்டரில் வைத்தால், ஒரு மீட்டர் வளர்ந்த சம்பாப் பயிருக்கு மேலே மிஞ்சுவது அரை மீட்டர். கண்ணுக்குக் கொட்டகை நன்றாகத் தெரியும், ரேடியோவுக்குத் தெரியாது. வீட்டு முனையை மாடியில் 9 மீட்டருக்கு ஏற்றி, கொட்டகை முனையை 4 மீட்டர் இரும்புக் குழாயில் நிறுத்தினால், நடுவில் உயரம் 6.5 மீட்டர். பயிர் போக 5.5. தேவைக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. அனுப்பும் சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். ஒரு குழாயை நட்டால் கிடைப்பது பல சமயம் அதைவிட அதிகம்.

குறைந்த அலைவரிசைக்கு அகலமான வெளி தேவைப்பட்டாலும், மறைப்பைச் சுற்றி வளைவதில் அதுவே மேல். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், கருவைக் காடு நடுவில் வந்தால் 2.4 வேகமாகத் தேய்ந்துபோகும். 866 சில நூறு மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். இங்கே ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். நீர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால் வைஃபை செத்துப்போகிறது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. நீர் விழுங்குவது அலைவரிசை கூடக் கூடக் கூடுகிறது, உச்சம் 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. மழைத்துளியும் இந்தத் தூரங்களில் பெரிய தடையல்ல. மழையில் நனைந்து தொங்கும் இலைதான் தடை.

ஆகவே சோதனையை எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். சித்திரையில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் தரையில், எந்தப் பெட்டியும் பிடிக்கும். அதே இணைப்பு கார்த்திகையில், கதிர் வரும் சம்பாவுக்கும் நனைந்த வாழை இலைக்கும் நடுவில் அறுந்துபோகும். கோடையில் பொருத்துவதாக இருந்தால் படிக்கக்கூடிய எல்லைக்கு மேல் 15 டெசிபெல்லாவது மிச்சம் வையுங்கள். லோராவில் இதைப் பார்ப்பது எளிது: திரையில் வரும் சிக்னல்–இரைச்சல் எண்ணைப் பாருங்கள். பரப்பு எண் 10-இன் எல்லை மைனஸ் 15. காய்ந்த வயலில் அது மைனஸ் 12 காட்டினால், இணைப்பு இன்று ஓடினாலும் மழையில் நிற்காது. சுழியத்துக்கு மேல் காட்டினால் நம்பலாம்.

பொருத்தும்போது நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இவை:

1. ஸ்டார்ட்டர் இரும்புப் பெட்டிக்குள்ளேயே ரேடியோவை வைப்பது. மூடியதும் சிக்னல் போய்விடும். ஆன்டெனா வெளியே, தகரக் கூரைக்கும் மேலே இருக்க வேண்டும்.
2. கீழே ரேடியோவை வைத்து மேலே ஆன்டெனாவுக்கு நீளக் கம்பி இழுப்பது. சாதாரண ஆர்ஜி58 கம்பி 2.4-இல் மீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபெல் தின்னும், 866-இல் அதில் பாதி. 10 மீட்டர் இழுத்தால் 2.4-இல் பத்தில் ஒரு பங்குதான் மேலே சேரும். ரேடியோவை நீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஆன்டெனாவுக்குக் கீழேயே கட்டுங்கள். மேலே மின்சாரக் கம்பி மட்டும் போகட்டும்.
3. 433 மெகாஹெர்ட்ஸுக்கான ஆன்டெனாவை 866-இல் மாட்டுவது. கால் அலைநீளக் கம்பி 433-க்கு 17 சென்டிமீட்டர், 866-க்கு 8.6 சென்டிமீட்டர். ஆன்டெனா மாட்டாமலே கரண்ட் கொடுத்தால் அனுப்பும் பகுதி பழுதாகலாம்.
4. ஒரு முனை நிமிர்ந்தும் மறுமுனை படுத்தும் இருப்பது. இரண்டும் செங்குத்தாக நிற்க வேண்டும்.
5. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இணைப்பி பச்சை பூத்துப்போவது. திருகியதும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி மூட வேண்டும்.

கேமரா வேண்டுமென்றால்

தோப்புக்கோ இறால் குட்டைக்கோ கேமரா வைக்க லோரா உதவாது. 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வைஃபை ஜோடியே சரி. திசை ஆன்டெனா கொண்ட இரு கருவிகள், ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் மரமில்லாமல் நின்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குப் பல மெகாபிட் தரும். ஒரே ஒரு தென்னை குறுக்கே வந்தாலும் திணறும். குழாயைக் காற்றில் ஆடாதபடி மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். சில பாகை திரும்பினாலே வேகம் விழும்.

மோட்டாரை ரேடியோவில் ஓட்டுவதென்றால்

சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டருக்கு டவர் சிக்னல் வேண்டும். பழைய வகைகள் 2ஜி மட்டுமே அறிந்தவை. 2ஜி சேவையே இல்லாத நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் உயிர் வராது. கொட்டகையில் டவர் இல்லை, வீடு ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் லோரா நல்லது. மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் பல, மாறாத ஒரே குறியீட்டை அனுப்புபவை. அதை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பலாம். வாசல் விளக்குக்குச் சரி, மும்முனை மோட்டாருக்கு வேண்டாம்.

லோராவில் செய்யும்போது இவற்றை விடாதீர்கள்:

1. "ஓடுகிறது" என்ற விளக்கு, கட்டளை அனுப்பியதும் எரியக் கூடாது. மோட்டார் கம்பியில் மின்னோட்டம் பாய்வதை உணரி பார்த்து, மறுமுனை பதில் அனுப்பிய பிறகே எரிய வேண்டும்.
2. இரு முனையும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்பில் இருப்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். மூன்று முறை பதில் இல்லாவிட்டால் மோட்டார் தானே நிற்க வேண்டும்.
3. கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) விழும்போது எழும் மின்துடிப்பு, ரேடியோ பலகையை மறுதொடக்கம் செய்ய வைக்கும். கான்டாக்டரின் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராகப் போடுங்கள். மின்தேக்கி அந்தச் சுருளின் ஏசி மின்னழுத்தத்தைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும்.
4. கரண்ட் போய்த் திரும்பும்போது மோட்டார் தானாகத் தொடங்கக் கூடாது. மூன்று ஃபேஸும் சீராக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒற்றை ஃபேஸ் தடுப்பானை ரேடியோ எந்தக் காரணத்துக்காகவும் தாண்டிப் போகக் கூடாது.
5. கொட்டகைச் சுவரில் "நேரடி / ரிமோட்" என்று ஒரு திருகு சுவிட்ச் வையுங்கள். யாராவது மோட்டாரைப் பிரித்தாலோ குழாயைத் தூக்கினாலோ அது "நேரடி"யில் இருக்க வேண்டும். அந்த நிலையில் ரிமோட்டுக்குப் போகும் கம்பியே துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மென்பொருளில் மட்டும் தடுத்து வைப்பது போதாது. மின்பலகையைத் திறப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.